செய்நிரல் எழுதும் செய்நிரல்கள்

கணினி தானாக எதனையும் அறிவதில்லை. ஓர் அலுவலகத்தார்க்கோ பொறியியலாளர்க்கோ வேண்டிய தொழிலை அது செய்தல் வேண்டுமாயின், அத்தொழிலின் ஒவ்வொரு படியும் அதற்கு விளங்கும் கட்டளைகளாக எழுதப்படல் வேண்டும். அங்ஙனம் எழுதப்பட்ட கட்டளைக் கோவையே செய்நிரல் எனப்படும். மனிதன் கருதிய பொருளுக்கும் பொறி ஏற்கும் கட்டளைக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது. அத்தூரத்தைச் செய்நிரலாளன் தன் கைமுயற்சியாற் கடக்கின்றான். பிழைகள் பல புகுவதும் அவ்வழியிலேயாம். இவ்வழியை மனிதன் நடவாது பொறியையே நடக்கச் செய்தல் கூடாதா என்னும் வினா கணினி தோன்றிய காலந்தொட்டே எழுந்ததாகும். வேண்டிய தொகுதியின் அமைப்பை வரைபடமாகவோ குறியீடாகவோ கொடுத்தால், அதனைப் படித்துச் செய்நிரலைத் தாமே எழுதித் தரும் கருவிகள் இன்று பல உள. இவை மாதிரியுருவழி மென்பொருளாக்கக் கருவிகள் எனப்படும். இவை செய்நிரலாளனை வேண்டாதவன் ஆக்கிவிடுமா, மனிதக் கை தீண்டாத செய்நிரலை நம்பி மனித உயிரை ஒப்படைக்கலாமா என்பன வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. அத்தகைய செய்நிரல்கள் வானூர்திகளையும் சாரதியில்லாப் புகையிரதங்களையும் ஏற்கெனவே செலுத்தி வருகின்றன.

1950களின் தொடக்கத்திற் செய்நிரல் என்பது பொறியின் உள்ளுறுப்புக்களை ஒவ்வொன்றாகச் சுட்டி ஏவும் எண்களும் குறிகளுமாகவே இருந்தது. ஐபிஎம் நிறுவனத்தில் ஜோன் பாக்கஸ் தலைமையில் ஒரு சிறு குழுவினர் 1954ஆம் ஆண்டு ஒரு புதுமுயற்சியில் இறங்கினர். இயற்கணிதச் சமன்பாட்டை ஒத்த வடிவில் எழுதியதனைப் பொறிக்கட்டளையாக மாற்றித்தரும் செய்நிரல் ஒன்றை ஆக்குதலே அவர்தம் நோக்கம். 1957இல் ஐபிஎம் 704 என்னும் கணினிக்கென அது வெளிவந்தது. அதுவே போர்ட்ரான். தேர்ந்த செய்நிரலாளர் கையால் எழுதிய கட்டளைக்கு நிகராகப் பொறி எழுதியது விரைந்து இயங்குமோ என அக்காலத்தார் பலர் ஐயுற்றனர். அவ்வையத்தை வெல்லுதற்காகவே அக்குழுவினர் தம் உழைப்பின் பெரும்பகுதியைச் செலவிட்டனர்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அந்நாளில் இவ்வகை முயற்சிக்கு இடப்பட்ட பெயர் 'தானியங்கு செய்நிரலாக்கம்' என்பதாம். சில ஆண்டுகள் கழியப் போர்ட்ரானில் எழுதுதலே செய்நிரலெழுதல் எனப் பெயர் பெற்றது. தானியங்கு என்னும் அடைமொழி வேறொன்றைத் தேடிச் சென்றது. டேவிட் பார்னஸ் என்னும் அறிஞர் 1985இல் இதனைச் சுட்டிக்காட்டினார். அவ்வக்காலத்திற் செய்நிரலாளர்க்குக் கிடைக்கும் மொழியினும் ஒருபடி மேலான மொழியில் எழுதுதற்கே தானியங்கு செய்நிரலாக்கம் என்னும் பெயர் வழங்கி வந்துள்ளது என்பது அவர் கருத்து. மாதிரியுருவழிக் கருவிகளை ஆராய்வோர் இக்கருத்தை மறவாதிருத்தல் நன்று.

மாதிரியுரு என்பது யாது? ஒரு கல்லூரி நூலகத்துக்கு இரவற்பதிவுத் தொகுதி ஒன்று வேண்டப்படுகின்றது எனக் கொள்க. அதிற் பேசப்படும் பொருள்கள் நூல், அந்நூலின் படி, வாசகர், இரவல் என்பன. ஒரு நூலுக்குப் படிகள் பல இருக்கலாம். ஒரு படி ஒருகாலத்தில் ஒருவரிடமே இருத்தல் கூடும். ஒருவர் மூன்று படிகளுக்கு மேற் பெறலாகாது. பொருள்களைக் கட்டங்களாகவும் அவற்றின் தொடர்புகளைக் கோடுகளாகவும் வரைந்து, கோட்டின் முனைகளில் ஒன்று, பல, மூன்று என எண்ணிக்கையைக் குறித்தால் அதுவே அத்தொகுதியின் மாதிரியுருவாகும். இவ்வாறு வரையும் முறைக்கு அடிகோலிய ஆய்வுரையைப் பீற்றர் சென் என்பார் 1976இல் வெளியிட்டார்.

இவ்வரைபடத்தைப் படிக்கும் கருவியினுள்ளே மூன்று பகுதிகள் உள. எவ்வகைக் கட்டங்களையும் கோடுகளையும் வரையலாம் என வரையறுக்கும் இலக்கணம் ஒன்று; இதனை மாதிரியுருவின் மாதிரியுரு எனலாம். வரைபடத்தின் ஒவ்வோர் உறுப்பும் செய்நிரலில் எவ்வுறுப்பாக மாறும் என்று கூறும் மாற்றுவிதிகள் மற்றொன்று. மாறிய உறுப்புக்களைக் குறித்த ஒரு கணினிமொழியின் சொற்களாக வார்த்துத் தரும் வார்ப்புருக்கள் பிறிதொன்று. 'நூல்' என்னும் கட்டம் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையாகின்றது. நூலையும் படியையும் இணைக்கும் கோடு, படியின் பதிவில் நூலின் அடையாள எண்ணைத் தாங்கும் ஒரு கூறாகின்றது. மூன்று என்னும் எண், இரவல் பதியுமுன் எண்ணிப் பார்க்கும் ஒரு சோதனைக் கட்டளையாகின்றது. வாசகரைப் பதிதல், திருத்தல், நீக்கல் ஆகியவற்றுக்கான திரைப்படிவங்களும் அவ்வாறே பிறக்கின்றன. இருபது கட்டங்கள் கொண்ட வரைபடத்திலிருந்து பல்லாயிரம் வரிகள் சில நொடிகளில் வெளிவரும். அவ்வரிகள் கடினமானவை அல்ல. ஆயினும் கையால் எழுதுவோர்க்குச் சலிப்பூட்டுவன. சலித்த கையே பிழை செய்வது.

ஆனால் நூலகர் கேட்பன இவ்வளவில் நில்லா. மூன்று படிகள் பெற்றவர் நான்காவதைக் கேட்டால் மறுப்பதா, காத்திருப்போர் வரிசையிற் சேர்ப்பதா? மீளத் தரவேண்டிய நாள் பூரணை விடுமுறையாக அமைந்தால் மறுநாள் தருபவர்க்குத் தண்டம் உண்டா? ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் விதி ஒன்றா? கட்டமும் கோடும் இவற்றைச் சொல்லுவதில்லை. ஆதலின் கருவி எழுதிய செய்நிரலின் இடையிடையே செய்நிரலாளன் தன் கையால் எழுதிச் சேர்க்க வேண்டியவனாகின்றான்.

இங்கேதான் சிக்கல் தோன்றுகின்றது. வரைபடத்தைத் திருத்திச் செய்நிரலை மறுபடியும் ஆக்குவித்தால் கையால் எழுதியவை அழிந்துபோம். அழியாது காக்க எழுதியோர் வரைபடத்தை விடுத்துச் செய்நிரலை மாத்திரம் திருத்தத் தலைப்பட்டால், சில திங்களில் வரைபடம் பொய்யாகிவிடும். இதற்குப் பரிகாரங்கள் பல கண்டனர். கருவி எழுதியதை ஒரு கோப்பிலும் கையெழுத்தை வேறொரு கோப்பிலும் வைப்பது ஒருமுறை. எக்லிப்ஸ் என்னும் மேடையில் இயங்கும் மாதிரியுருக் கருவி ஒன்று, தான் எழுதிய ஒவ்வொரு பகுதியின் தலையிலும் 'இஃது ஆக்கப்பட்டது' எனப் பொருள்படும் ஓர் அடையாளச் சொல்லை இடும். செய்நிரலாளன் அப்பகுதியைத் தானே திருத்தினால் அச்சொல்லுக்குப் பக்கத்தில் 'அன்று' என்னும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துவிடல் வேண்டும். கருவி மறுமுறை அதனைத் தொடாது விலகிச் செல்லும். எளிய தந்திரமே. ஆயினும் ஒரு திட்டத்தில் 'அன்று' என்னும் சொல் எத்தனை இடங்களில் வருகின்றது என எண்ணிப் பார்த்தால், மாதிரியுரு சொல்லாது விட்டது எவ்வளவு என்பது வெளிப்படும்.

1980களில் இக்கருவிகளைப் பற்றிய எதிர்பார்ப்புப் பெருகி நின்றது. செய்நிரலாளர் இல்லாமலே பிரயோகங்களை ஆக்கலாம் எனத் தலைப்பிலேயே கூறும் நூலொன்றை ஜேம்ஸ் மார்ட்டின் அப்பத்தாண்டின் தொடக்கத்தில் வெளியிட்டார். ஐபிஎம் நிறுவனம் இத்தகைய கருவிகள் யாவற்றையும் ஒரே குடைக்கீழ்க் கொணரும் பெருந்திட்டம் ஒன்றை 1989இல் அறிவித்தது. அது சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. பின்னர் கிறேடி பூச், ஜேம்ஸ் றம்போ, ஐவர் ஜேக்கப்சன் என்னும் மூவர் தத்தம் வரைபட முறைகளை ஒன்றாக்கி யூஎம்எல் என்னும் பொதுக்குறியீட்டை அமைத்தனர். ஓஎம்ஜி என்னும் தரநிர்ணய அமைப்பு 1997இல் அதனை ஏற்றது. அவ்வமைப்பே 2001இல், எக்கணினிக்கும் உரியதல்லாத மாதிரியுரு ஒன்றை முதலில் வரைந்து, அதிலிருந்து குறித்த கணினிக்குரிய மாதிரியுருவையும், அதிலிருந்து செய்நிரலையும் படிப்படியாகப் பெறலாம் என்னும் திட்டத்தை முன்வைத்தது.

கருத்து அழகியது. எனினும் யூஎம்எல் வரைபடங்களிற் பெரும்பாலானவை செய்நிரல் ஆக்குதற்கன்றி, மனிதர் ஒருவர்க்கொருவர் விளக்கிக் கொள்ளுதற்கே பயன்பட்டன. காரணம் அக்குறியீட்டின் பொருள்நிலையிலேயே கிடந்தது. தொல்காப்பிய நூற்பா ஒன்றுக்கு இளம்பூரணர் ஒரு பொருளும் நச்சினார்க்கினியர் வேறொரு பொருளும் உரைத்தல் உண்டு. கற்போர் இரண்டையும் கற்று ஒப்புநோக்கி மகிழ்வர். பொறிக்கு அவ்வுரிமை இல்லை. யூஎம்எல் முறையில் ஒரு பொருளின் நிலைமாற்றங்களை வரையும்போது, இரண்டு நிகழ்வுகள் காத்து நின்றால் எதனை முதலில் ஏற்பது என்பதைத் தரநூல் திட்டமிட்டே வரையறாது விட்டிருந்தது. ஒரு கருவி முதலில் வந்ததை முதலில் ஏற்கும். மற்றொன்று வேறு முறையைக் கைக்கொள்ளும். ஒரே வரைபடம் இரண்டு கருவிகளில் இரண்டு செய்நிரல்களாகிவிடும். பல்வகைத் தொழில்களுக்கும் பொதுவாக அமைதல் வேண்டும் என்ற நன்னோக்கத்தாலேயே இந்நெகிழ்ச்சி நேர்ந்தது. எவ்வகைத் தொகுதிக்கும் பொருந்துவதாக அமைந்த குறியீடு, எந்த ஒன்றைப் பற்றியும் முடிவாகப் பேசாததாயிற்று. அக்குறியீட்டின் ஒரு பகுதிக்காவது ஐயத்துக்கிடமில்லாப் பொருளை வகுக்கும் தரநூலை அவ்வமைப்பே பிற்காலத்தில் வெளியிட்டது.

குறுகிய களத்தை எடுத்துக்கொண்டு அதற்கு உறுதியான பொருள் வகுத்த கருவிகளின் கதை வேறு. பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜோன்சன் 1970களில் ஆக்கிய யாக் என்னும் கருவி இதற்கு முன்னோடி. ஒரு கணினிமொழியின் இலக்கண விதிகளை எழுதிக் கொடுத்தால், அம்மொழியிலுள்ள வாக்கியங்களைப் பகுத்துணரும் செய்நிரலை அது ஆக்கித் தரும். டொனால்ட் நூத் 1965இல் நிறுவிய கணிதக் கோட்பாடு அதற்கு அடித்தளம். இலக்கணத்தில் ஈரடிப் பொருள் இருந்தால், இன்ன விதி இன்ன விதியோடு முரணுகின்றது என அது எச்சரிக்கும். செய்நிரல் எழுதித் தருதலினும் இவ்வெச்சரிக்கையே சிறந்த பயன் எனலாம்.

இதே பண்பு உயிர்க்காப்புத் தொழிலிற் புகுந்ததனைப் பிரான்சு நாட்டிற் காணலாம். 1980களில் கிரனோபிள் நகரிற் போல் காஸ்பி, நிக்கொலா ஹல்ப்வாக்ஸ் ஆகியோர் லுஸ்தர் என்னும் மொழியை அமைத்தனர். கட்டுப்பாட்டுப் பொறியியலாளர் நெடுங்காலமாக வரைந்துவந்த படங்களில் உணரிகளின் அளவீடுகள் ஒரு புறத்திலிருந்து புகும். கூட்டல், பெருக்கல், தாமதித்தல் ஆகிய பெட்டிகளினூடே செல்லும். மறுபுறத்தில் ஏவல்களாக வெளிப்படும். லுஸ்தர் இப்படங்களுக்குக் கணிதப் பொருள் தந்தது. காலம் சமமான சுற்றுக்களாகப் பகுக்கப்படும். ஒவ்வொரு கம்பியும் சுற்றுக்கு ஒரு பெறுமானமாக நீளும் ஒரு தொடராகக் கொள்ளப்படும்.

தாமதப் பெட்டியை எடுத்துக்கொள்க. முந்திய சுற்றின் பெறுமானத்தை இச்சுற்றில் தருதல் அதன் தொழில். அங்ஙனமாயின் முதற் சுற்றில் அது தருவது யாது? படம் வரைந்த பொறியியலாளன் அதனை நினைந்தே இரான். கையாற் செய்நிரல் எழுதுவோன் பூச்சியத்தை இடக்கூடும். அன்றி நினைவகத்தில் ஏற்கெனவே கிடந்த ஏதோவோர் எண் புகுந்துவிடவும் கூடும். லுஸ்தர் வழிவந்த கருவியோ முதற்பெறுமானம் குறிக்கப்படாத படத்தை ஏற்க மறுக்கும். ஒரே சுற்றில் ஒரு பெறுமானம் தன்னையே சார்ந்து வட்டமாக வருமாயின் அதனையும் மறுக்கும். பறக்கும் வேளையில் வெளிப்படக்கூடிய பிழை வரைமேசையிலேயே அகப்படுகின்றது. இம்மொழியை அடிப்படையாகக் கொண்ட ஸ்கேட் என்னும் கருவியே எயர்பஸ் ஏ380 வானூர்தியின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளை ஆக்குதற்குப் பயன்பட்டது. அவ்வானூர்தி 2005இல் முதன்முறை பறந்தது.

பாரிஸ் நகரின் சுரங்கப் புகையிரதப் பாதைகளுள் 14ஆவது பாதை 1998 ஒக்டோபரிற் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. அதன் வண்டிகளிற் சாரதி இல்லை. வேகத்தைக் குறைத்தல், நிறுத்தல், கதவுகளைத் திறத்தல் யாவும் கணினி வழியே நிகழ்வன. உயிர்ப்பாதுகாப்புக்குரிய பகுதியை மாத்திரா நிறுவனத்தார் ஜோன்-றேமொன் ஆப்ரியால் வகுத்த 'பி' முறையால் ஆக்கினர். இம்முறையில் மாதிரியுரு என்பது படமன்று. கணமும் தருக்கமும் கொண்ட கணிதமொழியாலாகிய எழுத்தே. ஒரே பாதைக்கண்டத்தில் ஒருகாலத்து இரண்டு வண்டிகள் இரா என்பது போன்ற மாறா நிபந்தனைகள் முதலில் எழுதப்படும். பின்னர் அம்மாதிரியுரு படிப்படியாக விரிக்கப்பட்டுச் செய்நிரலுக்கு அணித்தாகக் கொணரப்படும். ஒவ்வொரு படியிலும் புதியது பழையதனோடு முரணவில்லை என்று நிறுவவேண்டிய கணிதக் கூற்றுக்களைக் கருவியே பிறப்பிக்கும். அவற்றுட் பெரும்பாலானவற்றைப் பொறியே நிறுவும். எஞ்சியவற்றை மனிதர் வழிகாட்டி நிறுவுவிப்பர். இறுதிப்படியிலிருந்து ஏடா என்னும் மொழியிலான செய்நிரல் தானாகப் பிறக்கும்.

இத்திட்டத்தின் எண்கள் சிந்தனைக்குரியவை. எழுதப்பட்ட மாதிரியுரு ஏறத்தாழ 115,000 வரிகள். அதிலிருந்து பிறந்த செய்நிரல் ஏறத்தாழ 86,000 வரிகள். நிறுவப்பட்ட கூற்றுக்கள் ஏறத்தாழ 27,800. விதை பெரிது, விளைவு சிறிது! சில கட்டங்களை வரைந்தால் பல்லாயிரம் வரிகள் கொட்டும் என விற்பனையாளர் கூறும் கணக்குக்கு இது நேர்மாறானது. இங்கே மனித உழைப்புக் குறையவில்லை. அஃது இடம் மாறியது. பிழை தேடும் வேலை செய்நிரலை ஓட்டிப் பார்க்கும் காலத்திலிருந்து, அதனை எண்ணும் காலத்துக்கு முன்தள்ளப்பட்டது. அம்முறையால் ஆகிய பகுதிகளைத் துண்டு துண்டாக ஓட்டிச் சோதிக்கும் படியை அவர்கள் விடுத்தனர். பின்னர் நிகழ்ந்த முழுச்சோதனைகளில் அப்பகுதிகளிற் பிழை காணப்படவில்லை.

ஆயினும் நிறுவப்பட்டது யாது என்பதில் மயங்குதல் கூடாது. செய்நிரல் மாதிரியுருவுக்கு இசைந்தது என்பதே நிறுவப்பட்டது. மாதிரியுரு உலகுக்கு இசைந்தது என்பதன்று. 1996 யூன் 4ஆம் திகதி ஏரியன் 5 உந்துகணை தன் முதற்பயணத்திற் புறப்பட்டு ஏறத்தாழ 40 விநாடிகளில் அழிந்தது. அதன் திசைகாட்டும் மென்பொருள் ஏரியன் 4 உந்துகணைக்கென எழுதப்பட்டு, மாற்றமின்றி எடுத்தாளப்பட்டதாகும். புதிய உந்துகணையின் கிடைவேகம் பழையதனினும் விரைந்து பெருகவே, அவ்வேகத்தைச் சார்ந்த ஒரு பெறுமானம் அதற்கு ஒதுக்கப்பட்ட 16 துணுக்கு இடத்திற் கொள்ளாதாயிற்று. அச்செய்நிரலை எழுதியது கருவியன்று, மனிதரே. ஆயின் கருவி எழுதியிருப்பினும், கிடைவேகம் இன்ன எல்லையைக் கடவாது என்னும் பழைய எடுகோளின்மேல் நின்று எழுதியிருக்குமாயின், பிழையற எழுதி அதே கதியை அடைவித்திருக்கும்.

கருவியையே நம்பலாமா என்பது அடுத்த ஐயம். யூனிக்ஸ் தொகுதியை ஆக்கியோருள் ஒருவரான கென் தொம்சன் 1984இல் வெளியான தம் விருதுரையில் ஓர் அச்சமூட்டும் உண்மையை விளக்கினார். தொகுப்பானுக்குள் கரவாக ஒரு சூழ்ச்சியைப் புகுத்தி, அதன் மூலப்பிரதியில் அச்சூழ்ச்சியின் தடயமே இல்லாமற் செய்தல் இயலும் என்பதே அது. வானூர்தித் துறையார் நம்பிக்கையை வேறு வழியால் தேடினர். வானூர்தியில் இயங்கும் செய்நிரலை எத்துணைக் கண்டிப்போடு ஆராய்வரோ, அத்துணைக் கண்டிப்போடு அதனை ஆக்கும் கருவியையும் ஆராய்ந்து தகுதிச்சான்று வழங்குவர். சான்று பெற்ற கருவி எழுதியதை மனிதர் வரிவரியாகப் படித்து மாதிரியுருவோடு ஒப்பிடவேண்டியதில்லை. இக்கருவிகளால் மெய்யாகவே மிச்சமாகும் உழைப்பு இதுவே. கருவிக்கு ஒருமுறை செய்த ஆராய்ச்சி, அது பின்னர் எழுதும் எல்லாவற்றுக்கும் உதவுகின்றது.

2021ஆம் ஆண்டின் பின் வழக்கில் வந்த பெருமொழி மாதிரியுருக்களை இவற்றோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. பெயரில் மாதிரியுரு என்பது இருப்பினும், அங்கே அச்சொல் வேண்டிய தொகுதியின் வரைவைக் குறிப்பதன்று. எண்ணிறந்த எழுத்துக்களைப் பயின்று அடுத்து வருஞ்சொல்லை மதிப்பிடும் பொறியைக் குறிப்பது. மனிதர் இயல்பான பேச்சுமொழியிற் கேட்டதற்கு அது வியக்கத்தக்க செய்நிரல் எழுதித் தருகின்றது. ஆனால் அதே வேண்டுகோளை மறுமுறை விடுத்தால் வேறொரு செய்நிரல் வரக்கூடும். ஆதலின் கருவிக்கு ஒருமுறை சான்று கொடுத்து அமைதல் இயலாது; வந்த செய்நிரலைப் புதியவர் ஒருவர் எழுதியதுபோல் ஒவ்வொருமுறையும் ஆராய்தல் வேண்டும். எனினும் இரண்டும் இணையத்தக்க ஓரிடம் உண்டு. 'பி' முறையில் ஒரு கூற்றை நிறுவும் வழியை யார் கண்டார் என்பது பொருட்டன்று. அவ்வழி சரியானதா எனச் சரிபார்ப்பது வேறொரு பொறி. அத்தகைய இடத்தில், ஐயத்துக்குரிய துணைவன் கூறும் ஆலோசனையையும் அச்சமின்றி ஏற்கலாம்.

மாதிரியுருவைப் போற்றிக் காத்தலிலும் ஒரு கடினம் இருக்கின்றது. எயர்பஸ் ஏ300 வானூர்தி முதலிற் பறந்தது 1972இல். அதன் உற்பத்தி நின்றது 2007இல். அவ்வகையிற் பல இன்றும் சரக்கேற்றிப் பறக்கின்றன. ஒரு மென்பொருட் கருவியை விற்கும் நிறுவனம் அத்துணைக்காலம் நிலைப்பது அருமை. அந்நிறுவனம் மறைந்து, அதன் கருவி புதிய கணினிகளில் இயங்காதுபோனால், மாதிரியுருவைத் திறந்து படிப்பாரும் இரார். எஞ்சுவது மனிதர் படித்தற்கென எழுதப்படாத செய்நிரல் ஒன்றே. இவ்விடரைத் தவிர்க்கவே எயர்பஸ் நிறுவனத்தார் 2000களின் நடுப்பகுதியில், துலூஸ் நகரை நடுவாகக் கொண்டு, பிற நிறுவனங்களையும் ஆய்வுகூடங்களையும் சேர்த்து டொப்கேஸ்ட் என்னும் கருவித்தொகுதியைத் தொடங்கினர். அதன் மூலச்செய்நிரல் யாவர்க்கும் வெளிப்படையாகத் தரப்பட்டது. அத்திட்டம் பின்னர் நின்று, அதன் பணி எக்லிப்ஸ் அமைப்பின் கீழுள்ள பிற திட்டங்களுட் கலந்தது. மாதிரியுருவோடு அதனைப் படிக்கும் கருவியின் மூலத்தையும் ஒருங்கே பேணிவைக்கும் வழக்கம் அவற்றில் தொடர்கின்றது.